அலைத் தாமரை

அக்டோபர் 23, வியாழன்

தீபாவளிக்கு முந்தின வாரம் வாங்கிய கத்தரிக்கோல் அதற்குள் பல்லை இளித்துவிட்டது. தாமரை இதழ் வெட்டினால் ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி வருகிறது. விடுவேனா? பஸ் ஏறிப் போய்க் கடைக்காரன் மேசைமேல் போட்டேன். அவன் ஒரு சார்ட் அட்டையை எடுத்து, எங்கேயோ பார்த்துக்கொண்டே வட்டமாக வெட்டி என் கையில் கொடுத்தான். சுத்தமான வட்டம். "கத்திரி நல்லாத்தானுங்க்கா இருக்குது" என்றான். அவன் கையில் மட்டும் ஒழுங்காக வெட்டுகிற கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

என் தங்கை மரகதத்தின் மகள் தாரணிக்கு நவம்பர் முப்பதாம் தேதி கல்யாணம். சீர்த்தட்டு இருபத்தொன்று. பழத்தட்டு, புடவைத்தட்டு, மஞ்சள் குங்குமத்தட்டு என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் நிறுத்தி வைக்க ஒரு காகிதத் தாமரையோ மயிலோ வேண்டும். கடையில் சொல்லிவிடலாம் என்றாள் மரகதம். "நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன். வடவள்ளியில் இருபது வருஷமாக யார் வீட்டு விசேஷமானாலும் காகித வேலை இந்தத் துளசிமணி கைதான்.

அதனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். வெட்டுகிற மிஷின் ஒன்று வாங்கப் போகிறேன். கரண்டில் ஓடுமாம். படத்தைக் கொடுத்தால் அதுவே வெட்டித் தருமாம். காலத்துக்குத் தகுந்த மாதிரி நாமும் மாற வேண்டாமா?

அக்டோபர் 24

பேப்பர் ஈரம். ஐப்பசி மழையில் எந்தப் பேப்பர்தான் நேராக வெட்டுப்படும்?

அக்டோபர் 26, ஞாயிறு

காலையிலிருந்து போனில் மிஷின் வீடியோக்கள். மருதமலை இருந்த இடமே தெரியவில்லை, மழை மூடிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே எல்லாம் சாம்பல் நிறம். உள்ளே போனில் மட்டும் ஒரு சின்னக் கத்தி வெள்ளைக் காகிதத்தின்மேல் நடந்துகொண்டே இருக்கிறது. ஒரு இலை, இலைக்குள் நரம்பு, நரம்புக்கு நடுவில் பொட்டுப் பொட்டாக ஓட்டை. பேச்சு ஒன்றும் இல்லை, சர் சர் என்ற சத்தம்தான். எத்தனை பார்த்தேனோ தெரியாது. நிமிர்ந்தபோது மணி பன்னிரண்டரை, சாதம் குழைந்து களியாகிவிட்டிருந்தது.

மூன்று மிஷின் மனசில் நிற்கின்றன. ஒன்று சின்னது, டிபன் கேரியரைப் படுக்க வைத்த அளவு. அழகுதான், ஆனால் ஒரு சாண் அகலத்துக்குமேல் வெட்டாது. என் மயில் தோகை அதற்குள் எப்படி அடங்கும்? அடுத்தது வெள்ளை. ஒரு அடி அகலம், மினுமினுப்பு அட்டையைக்கூட வெட்டுகிறது. ஆனால் போனிலிருந்துதான் ஓட்ட வேண்டும், அவர்கள் வைத்திருக்கிற டிசைன்தான். ஆயிரக்கணக்கில் இருக்கிறதாம், இருந்துவிட்டுப் போகட்டும். மூன்றாவது கறுப்பு. இதற்குத் தானே கண் இருக்கிறது. நாம் கையால் வரைந்த தாளை உள்ளே விட்டால், பார்த்து, வரைந்தது வரைந்தபடியே வெட்டித் தரும். போனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம்.

எனக்குக் கறுப்புதான். கடை டிசைனை வெட்டி ஒட்ட துளசிமணி எதற்கு?

இவர் முப்பத்தாறு வருஷம் பம்பு கம்பெனியில் லேத் ஓட்டிவிட்டு ரிட்டையர்ட் ஆனவர். மிஷின் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், பேப்பரைக் கீழே வைத்துவிடுவார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பிளேடு எத்தன அழுத்தம் குடுக்குமாம்?" என்று கேட்டார். காபி போட்டுக் கொடுத்தார். வரவர அரை டம்ளர்தான் ஊற்றுகிறார். கேட்டால், "வேணுங்கறப்ப இன்னொருக்கா ஊத்திக்கலாம்" என்கிறார். வேலையை விட்டால் ஆம்பிளைகளுக்குக் கை சுருங்கிவிடும் போலிருக்கிறது.

அக்டோபர் 28, செவ்வாய்

காந்திபுரத்துக் கடையில் சின்ன மிஷினை ஓட்டிக் காட்டினார்கள். அந்தக் கடைப்பெண் பெரிய போன் மாதிரி ஒன்றை என் முன்னால் நீட்டி, "தாமரைமேல விரல லேசா வெச்சாப் போதுமுங்க்கா" என்றாள். வைத்தேன். மிஷின் மும்முரமாக ஓடி ஒரு ஒட்டகச்சிவிங்கியை வெட்டித் தள்ளியது. மறுபடி வைத்தேன். இன்னொரு ஒட்டகச்சிவிங்கி. சீர்த்தட்டுக்கு ஒட்டகச்சிவிங்கி வைத்தால் மாப்பிள்ளை வீட்டில் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

திரை சரியான தொட்டாச்சிணுங்கி. பக்கத்துப் படத்துக்கு ஓடுகிறது. அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்து விரலைக் கொண்டுபோய் வைத்தாள். "டென்சன் ஆகாதீங்க்கா" என்றாள். எனக்கு என்னடி டென்சன் என்று கேட்க வந்தேன், சின்னப் பிள்ளை என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தேன். எதையாவது பிடித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருக்கிறது.

அக்டோபர் 30, வியாழன்

மதியம் கண் அசந்துவிட்டது. கனவில் மிஷின் மலை அளவுக்கு இருக்கிறது. யாரோ வானத்தைச் சுருட்டி அதற்குள் விடுகிறார்கள். இந்தப் பக்கம் வெட்டுப்பட்ட மேகங்கள் வந்து விழுகின்றன, தாமரை, கிளி, சங்கு எல்லாம். எங்கள் வீட்டு மொட்டை மாடி நிறையத் துண்டுகள். நான் முந்தானையை விரித்துப் பிடிக்கிறேன். ஒவ்வொன்றும் இட்லி மாதிரி வெதுவெதுப்பாக இருக்கிறது. அப்பா வெள்ளைச் சட்டையில் ஓரமாக நிற்கிறார், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு. "புடிங்கப்பா, எல்லாம் கீழ விழுகுது" என்கிறேன். அவர் சிரிக்கிறார், கையை எடுக்கவில்லை.

எழுந்து பார்த்தால் தலைமாட்டில் ஊசியில் நூல் கோத்துக் குத்தி வைத்திருக்கிறது. ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்க வேண்டும் என்று நேற்று நான் முனகியது இவர் காதில் விழுந்திருக்கும். யார் கேட்டார்கள் இவரை?

நவம்பர் 2, ஞாயிறு

மாடியில் குடியிருக்கும் ரெஜினா டீச்சரிடம் கறுப்பு மிஷின் இருக்கிறது! இத்தனை நாள் தலைக்குமேல் வைத்துக்கொண்டு காந்திபுரம் வரை அலைந்திருக்கிறேன். வகுப்பறை போர்டுக்கு எழுத்து வெட்ட வாங்கினாராம். "வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டிப் பாருங்கக்கா" என்று கூப்பிட்டார்.

ஒன்பது இதழ்த் தாமரை வரைந்தேன். கண்ணை மூடிக்கொண்டும் எனக்கு வரும். பசை தடவின மாதிரி ஒரு பாய் இருக்கிறது, மேட் என்கிறார்கள், அதில் தாளை ஒட்டி உள்ளே விட்டார் டீச்சர். ஒரு வெளிச்சம் போய்த் திரும்பியது. அப்புறம் ரோஸ் அட்டையை வைத்தார். கத்தி நடந்தது. வீடியோவில் கேட்ட அதே சத்தம். டீச்சர் வீட்டில் சாம்பிராணி மாதிரி ஏதோ வாசனை, மழை வெளிச்சம், நான் எங்கேயோ மிதந்துகொண்டிருந்தேன்.

தாமரையை மேட்டிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

ஒன்பது இதழிலும் ஓரம் நெடுக அலை. பொடிப் பொடியாக, ஒரே சீராக, நுனியிலிருந்து அடிவரை. கத்தரிக்கோல் அங்கே இல்லை. அட்டை டீச்சருடையது, மொடமொடவென்று காய்ந்திருந்தது. பேனாவும் டீச்சருடையதுதான்.

"இந்த அலை அலையா வர்ற டிசைன் எப்படிக்கா போடறீங்க? கையாலயேவா?" என்று கேட்டார் டீச்சர். நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார்.

"ஆமாங்க டீச்சர். அலைத் தாமரைன்னு பேரு. எங்க பக்கம் பழைய டிசைன்."

வாயில் எப்படித்தான் வந்ததோ. அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி இறங்கி வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

நவம்பர் 3

டீச்சர் வீட்டு மிஷினில் ஏதோ கோளாறு.

நவம்பர் 4, செவ்வாய்

இவரை ஒரு தாமரை வரையச் சொன்னேன். "எதுக்கு?" என்றார். "வரையுங்களேன், கை தேஞ்சா போயிரும்?" என்றேன். முள்ளங்கிக் கட்டு மாதிரி ஒன்று வரைந்தார். அதை மாடிக்குக் கொண்டுபோய் டீச்சரிடம் கொடுத்து வெட்டச் சொன்னேன். முள்ளங்கிக் கட்டுதான் வந்தது. ஆனால் ஓரம் வெண்ணெய் மாதிரி வழவழவென்று இருந்தது.

மிஷினில் கோளாறு இல்லை.

நவம்பர் 5

மழை. எதுவும் வரையவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

சாயங்காலம் ரெஜினா டீச்சர் ஒரு அட்டைப் பெட்டியோடு இறங்கி வந்தார். "கல்யாணப் பொண்ணுக்கு என்னோட அன்பளிப்புக்கா. உங்க டிசைன் மிஷின்லயே இருந்துச்சு, ரெண்டு நாளா உக்காந்து வெட்டிட்டேன்" என்றார். திறந்தால் நாற்பது தாமரை. ரோஸ், சந்தனம், இளம் மஞ்சள். நாற்பதும் அலைத் தாமரை. பாவம், அந்த மனுஷி ஸ்கூலுக்கும் போய்க்கொண்டு, நான் சொன்ன பொய்யை நம்பி நாற்பது வெட்டியிருக்கிறார். கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது. காபி கொடுத்து அனுப்பினேன்.

அவர் போனபிறகு கட்டிலில் எல்லாவற்றையும் பரப்பினேன். ஒன்றுக்கு ஒன்று ஒரு நூல் வித்தியாசம் இல்லை. மூன்றாவது இதழின் வளைவில் கொஞ்சம் பெரிதாக ஒரு துள்ளல், அது நாற்பதிலும் இருக்கிறது. அன்றைக்கு அந்த இடத்தில் நான் ஒரு நொடி மூச்சை அடக்கினேன், ஞாபகம் இருக்கிறது. காற்று வந்தது. கட்டில் முழுக்க நாற்பதும் அசைய ஆரம்பித்தன, மெல்ல, ஏதோ குளத்துத் தண்ணீரில் கிடப்பதைப் போல. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போய் ஜன்னலைச் சாத்தினேன்.

நவம்பர் 8, சனி

"அப்ப கறுப்பு மிஷினுக்குச் சொல்லிரலாமா?" என்றார் இவர்.

"வேண்டாங்க. வெள்ளை."

"வெள்ளையா? அதுல உன்ற வரைச்சல் வராதே துளசி."

"வர வேண்டாம். ரெடியா இருக்கற டிசைனே போதும். சுத்தமா இருக்கும்."

"கடை டிசைன் வெட்றதுக்குத் துளசிமணி எதுக்குன்னு நீதான சொன்னே?"

"லேத் ஓட்டுனவருக்கு எல்லாம் தெரியுமாக்கும்? சீர்த்தட்டு பண்றது நானா நீங்களா?"

கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையே தாண்டிப் போயிருக்கும் என் சத்தம். இவர் எழுந்துபோய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

வெள்ளைக்கு ஆர்டர் போட்டாயிற்று. பொத்தானை இவரைத்தான் அழுத்தச் சொன்னேன்.

நவம்பர் 13, வியாழன்

வந்துவிட்டது. குழந்தையைத் தொட்டிலில் இறக்குகிற மாதிரி இவர் மேசையில் இறக்கி வைத்தார்.

மதியம் முழுக்க ஓட்டினோம். போனில் தாமரையைத் தேடி எடுத்தோம். தாமரை மட்டும் ஏழு பக்கத்துக்கு இருக்கிறது, எல்லாம் எந்த ஊர்க் குளத்தில் பூத்ததோ. மேட் உள்ளே போகிறது, வெளியே வருகிறது, மறுபடி போகிறது. நான் நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நேரம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஒரு இதழ் வெட்டி முடிந்து அடுத்த இதழுக்குக் கத்தி தாவும்போது வருகிற அந்தச் சின்ன மௌனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

மேட்டிலிருந்து உரித்தெடுக்கிற வேலை ஒன்று இருக்கிறது. கொக்கி மாதிரி ஒரு கம்பியால் நடு ஓட்டைகளில் இருக்கிற பொடிகளைக் கிண்டி எடுக்க வேண்டும். முதல் தாமரையை நான் எடுத்தேன், இதழ் கிழிந்துவிட்டது. அதற்கப்புறம் இவரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து உரித்தார். நான் பாய் மாற்றுவதோடு சரி.

தாமரை சுத்தமாக இருக்கிறது. ஒரு பிசிறு இல்லை. யாரோ வீட்டுத் தாமரையாக இருக்கிறது.

நவம்பர் 17

கார்த்திகை பிறந்தாயிற்று. பதினாறு தட்டு முடிந்தது.

நவம்பர் 21, வெள்ளி

மரகதமும் தாரணியும் வந்தார்கள். இருபத்தொரு தட்டையும் வரிசையாக வைத்துக் காட்டினேன். "கடையில குடுத்திருந்தாக்கூட இத்தன சுத்தமா வந்திருக்காதுக்கா" என்றாள் மரகதம். அவள் பாராட்டுவதே வருஷத்துக்கு ஒரு தடவை. அதுவும் யாருக்குப் போய்ச் சேருகிறது பாருங்கள்.

தாரணி மட்டும் சும்மா இருக்கவில்லை. சின்ன வயசிலிருந்தே கண்ட பெட்டியைத் திறக்கிற பழக்கம். பீரோ பக்கத்தில் வைத்திருந்த அட்டைப் பெட்டியைத் திறந்துவிட்டாள்.

"பெரீம்மா, இதென்ன? இது எவ்வளவு நல்லாருக்கு! அதெல்லாம் பிரிண்ட் போட்ட மாதிரி இருக்குது, இதுதான் பூவாட்டம் இருக்குது. இத ஏன் வெக்கல?"

"அது டீச்சர் பண்ணது கண்ணு. சரியா வரல."

"சரியா வரலயா? எனக்கு இதுதான் வேணும்."

"கல்யாணப் பொண்ணு பேசாம உக்காரு" என்று பெட்டியை மூடிப் பரண்மேல் போட்டேன்.

காபி குடிக்கும்போதுதான் மரகதம் அந்தக் குண்டைப் போட்டாள். தாலி கட்டி முடிந்து பொண்ணு மாப்பிள்ளை மரகதம் வீட்டு வாசலுக்கு வரும்போது ஆரத்தி எடுக்க வேண்டும் இல்லையா? "நாம ரெண்டு பேருந்தான்க்கா எடுக்கோணும். அம்மா இருந்தா அம்மாளும் நானும் எடுத்திருப்போம். இப்ப நீதான்."

நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

நவம்பர் 22, சனி

அப்பாவைப் பற்றி எழுதிவிடுகிறேன். எழுதினால் விட்டுப் போகுமோ என்னவோ.

என் கல்யாணத்தில் அப்பாதான் தாரை வார்த்துக் கொடுத்தார். என் கையும் இவர் கையும் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்க, அவர் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். அவருக்கு அப்போது கை நடுக்கம் வந்து இரண்டு வருஷம். செம்பு தாளம் போட்டது. தண்ணீர் எங்கள் கையில் விழவில்லை, மாப்பிள்ளை மடியில் விழுந்தது. சபையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு இருபத்திரண்டு வயசு. மாலைக்குள்ளிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒழுங்காப் புடிக்க மாட்டீங்களா? மானம் போகுது" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். மைக் பக்கத்தில் இருந்தது.

அப்பா சிரித்தார். இன்னொரு கையையும் சேர்த்துச் செம்பைப் பிடித்து மிச்சத் தண்ணீரை ஊற்றி முடித்தார். அன்றிலிருந்து அவர் யார் வீட்டு விசேஷத்திலும் முன்னால் வரவில்லை. காபியைச் சுவர்ப் பக்கம் திரும்பிக் குடிப்பார். செத்துப் பதினைந்து வருஷமாகிறது. ஒரு தடவைகூட நான் அந்தப் பேச்சை எடுத்ததில்லை, அவரும் எடுத்ததில்லை.

விட்டுப் போகவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

இவர் பால் வாங்கப் போயிருந்தபோது தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றிச் சுற்றிப் பார்த்தேன். மூன்று தடவை. நான்காம் தடவை இவர் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. தரையெல்லாம் தண்ணீர்.

"கொடம் சாஞ்சிருச்சு" என்றேன். குடம் மூடியோடு மேடைமேல் இருந்தது.

இவர் துணியை எடுத்துத் துடைத்தார். குனிந்தபடியே, "டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டிரலாம் துளசி" என்றார்.

"எதுக்கு? எனக்கு என்ன?"

"மாமாவுக்கு முன்னயே பாத்திருந்தா..."

"அப்பா பேச்ச எடுக்காதீங்க."

கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டேன். இவர் ஈரத் துணியோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை இவரிடம் சொல்லத் தெரியாமல்தான் கத்துகிறேன்.

நவம்பர் 28, வெள்ளி

மரகதத்துக்குப் போன் போட்டேன். முட்டி வலி தாங்கவில்லை, ஆரத்திக்கு அவள் நாத்தனாரைக் கூப்பிட்டுக்கொள்ளச் சொன்னேன்.

"ஆரத்தி எடுக்கறதுக்கு முட்டி எதுக்குக்கா? நின்னுட்டுத்தான எடுக்கறோம். நாத்தனாரெல்லாம் வேண்டாம், நீதான் வரோணும். பிகு பண்ணாத" என்று வைத்துவிட்டாள்.

பொய் சொல்வதில் எனக்கு இன்னும் பழக்கம் போதவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்று வரிசையாக எழுதுகிறேன்.

தட்டு இருபத்தொன்றும் மேடையில் ஜொலித்தன. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் வந்து எந்த மிஷின், எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். எல்லோருக்கும் வெள்ளையைச் சொன்னேன். சொல்லும்போது கையைப் பர்ஸுக்குள் வைத்திருந்தேன்.

பதினொன்றரை மணிக்கு மரகதம் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. சாரல் விழுந்துகொண்டிருந்தது. சாரலுக்குள் வெயிலும் அடித்தது, தெருவே பொன் நிறமாக இருந்தது. தாரணி இறங்கி வந்ததைப் பார்த்தபோது, மாலையும் கழுத்துமாக ஏதோ கனவிலிருந்து நடந்து வருகிற மாதிரி இருந்தது எனக்கு. மாப்பிள்ளை பட்டு வேட்டியில் பளிச்சென்று நின்றார். மரகதம் தாம்பாளத்தைக் கொண்டுவந்தாள். சிவப்புத் தண்ணீர், நடுவில் வெற்றிலை, அதன்மேல் கற்பூரம். ஒரு பக்கம் அவள் பிடித்தாள். மறுபக்கம் நான்.

பிடித்ததும் தண்ணீரில் வளையம் வளையமாக ஓட ஆரம்பித்தது. மரகதம் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எனக்குக் கை நடுங்குதுடி" என்றேன். "கெட்டியாப் புடிச்சுக்க."

"எப்பருந்துக்கா?"

"ஆடியிலிருந்து."

அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்பாவுக்குக் கடைசிவரை செய்தவள் அவள்தான். ஆனால் நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சுத்துக்கா, அப்பறம் பேசிக்கலாம்" என்றாள்.

முதல் சுற்று எப்படியோ போயிற்று. இரண்டாவது சுற்றில், என் பக்கம் தட்டு தாழ்ந்து, தண்ணீர் எகிறி மாப்பிள்ளையின் வேட்டியில் விழுந்தது. வெள்ளைப் பட்டில் முழங்காலிலிருந்து கீழே சிவப்புத் தாரை. கற்பூரம் அணைந்துவிட்டது. "அட, பட்டு வேட்டிங்க!" என்று ஒரு அம்மாள் கத்தினாள். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

எனக்குக் காது அடைத்துப் போயிற்று. தாரணி வாயைத் திறப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியும், அதை நான் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன்.

அவள் மருதாணிக் கையை நீட்டித் தட்டுக்கு அடியில், என் பக்கமாகக் கொடுத்தாள்.

"இன்னொரு சுத்து இருக்குதில்ல பெரீம்மா. நீங்க சுத்துங்க, நான் கீழ தாங்கிக்கறேன்."

"ஆரத்தி வாங்கற பொண்ணே தட்டப் புடிக்கறதா? எங்கயாச்சும் உண்டா?" என்றாள் அந்த அம்மாள்.

"இருக்கட்டுமுங்க" என்றாள் தாரணி.

மூன்று பேருமாக மூன்றாவது சுற்றைச் சுற்றினோம். அணைந்த கற்பூரத்தோடுதான். மாப்பிள்ளை வேட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், நல்ல பையன். எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கக் கை இல்லை, தட்டில் இருந்தது.

அப்பா, ஒரு கை கொடுத்திருந்தால் போதும். அன்றைக்கு என் கைமேல்தான் செம்பு இருந்தது, நான் சற்றுத் தூக்கியிருந்தால் போதும். இந்தப் பிள்ளைக்குத் தோன்றியது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

டிசம்பர் 2

வெள்ளை மிஷினைத் திருப்பிக் கொடுக்கிற நாள் தாண்டிவிட்டதாம். கறுப்பே வாங்கியிருக்கலாம், இவர் சொன்னது சரிதான். அதை இவரிடம் சொல்வதாக இல்லை.

டிசம்பர் 5, வெள்ளி

நரம்பு டாக்டரிடம் போனோம். இவர் வந்தார், மரகதமும் வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் வந்துவிட்டாள். டாக்டர் நடக்கச் சொன்னார், விரலை மூக்கில் தொடச் சொன்னார். நடுக்கம் எல்லாமே ஒரே மாதிரி இல்லையாம், அப்பாவுக்கு இருந்தது வேறாகவும் இருக்கலாமாம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாராம். என்ன வருமோ, வருவது வரட்டும்.

உள்ளே போவதற்கு முன்னால் ஒரு நர்ஸ் பெண் படிவம் கொடுத்தாள். பெயர், வயசு எல்லாம் இவர் நிரப்பினார். 'என்ன தொந்தரவு' என்ற இடம் வந்ததும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார், எழுதட்டுமா என்று கேட்கிற மாதிரி. நான் பேனாவை வாங்கிக்கொண்டேன். பலகையை மடியில் வைத்து நானே எழுதினேன், 'கை நடுக்கம், ஐந்து மாதமாக' என்று. எழுத்து கட்டத்தைத் தாண்டி அடுத்த வரிக்குப் போயிற்று, 'ந' இரண்டு மடங்கு பெரிதாகி நின்றது. மரகதம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் படிவத்தை அப்படியே நீட்டினேன்.

அந்தப் பெண் ஒரே தடவையில் படித்துவிட்டாள்.